ஒரே ஜோனில் எரிந்த பேண்ட் ஹீட்டர்

எங்கள் இன்ஜெக்‌ஷன் மோல்டிங் மெஷினில் (பிளாஸ்டிக்கை உருக்கி அச்சுக்குள் செலுத்துவது) உருகிய பிளாஸ்டிக் வெளிவரும் முனையான நாசிலை ஒட்டிய ஜோனின், அதாவது சூடாக்கும் பகுதியின், ஹீட்டர் மட்டும் அடிக்கடி எரிந்துபோனது. மைக்கா பேண்ட் ஹீட்டர், அதாவது பிளாஸ்டிக் உருகும் குழாயான பேரலைச் சுற்றி இறுக்கும் பட்டை. 230 வோல்ட், 500 வாட். மற்ற ஜோன்களில் அதே சரக்குதான், வருஷக்கணக்கில் ஓடுகிறது.

மெயினை அணைத்து, வயரைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தேன். இந்த அளவுக்குச் சுமார் 106 ஓம் வர வேண்டும்; வோல்டேஜின் வர்க்கத்தை வாட்டால் வகுத்தால் தெரியும். மீட்டர் ஓப்பன், அதாவது இணைப்பே இல்லை என்று காட்டியது. உள்ளே சூடாகும் நிக்ரோம் கம்பி அறுந்துவிட்டது. கடையில் “வாட் கூட்டிப் போடுங்க” என்றார்கள். அதே பரப்பில் வாட்டைக் கூட்டினால் இன்னும் சீக்கிரம்தான் எரியும்!

கழற்றிய ஹீட்டரின் உள்பக்கம் ஓரிடத்தில் மட்டும் கருத்திருந்தது. நேர் எதிரே பேரலில் கருகிய பிளாஸ்டிக் கட்டி. அதன்மேல் பட்டை ஒட்டி உட்காராமல் இடைவெளி விழுந்திருந்தது. காற்று சூட்டைச் சரியாகக் கடத்தாது, பேரலுக்குப் போக வேண்டிய சூடு கம்பியிலேயே தங்கிவிடும்.

பேரல் வெதுவெதுப்பாக இருக்கும்போதே பித்தளை பிரஷால் சுரண்டி, புது ஹீட்டரை இறுக்கினேன். முதல் சூட்டில் பட்டை விரிந்து தளரும்; அதனால் சூடேறியதும் மின்சாரத்தை நிறுத்திவிட்டு கிளாம்ப் போல்டை மறுபடி இறுக்க வேண்டும். பலர் இதைச் செய்வதில்லை. டெர்மினலுக்கு ஃபைபர்கிளாஸ் உறை போட்ட வயர்தான், பிவிசி உருகிவிடும்.

அப்புறம் பிளாஸ்டிக் எங்கிருந்து கசிகிறது என்று பார்த்தேன். நாசில், அச்சின் நுழைவாயிலான ஸ்ப்ரூ புஷ்ஷில் நேராக உட்காரவில்லை. அதைச் சென்டர் செய்ததும் கசிவு நின்றது, ஹீட்டரும் நிலைத்தது.