வீட்டுச் சோப்புக்குக் காஸ்டிக் சோடாவைக் கையாளும் முறை

தேங்காய் எண்ணெயில் சோப்பு செய்ய முனைவோர் எண்ணெயின் தரத்தைப் பற்றித்தான் அதிகம் விசாரிக்கிறார்கள். ஆனால் முதலில் அறிந்துகொள்ள வேண்டியது காஸ்டிக் சோடாவைப் பற்றியே. சோடியம் ஹைட்ராக்சைடு என்னும் இந்த வன்காரம் கடைகளில் வெண்ணிறச் செதில்களாகக் கிடைக்கிறது. ஒரு செதிலைத் தட்டில் வைத்துவிட்டுச் சற்று நேரம் கழித்துப் பார்த்தால், காற்றின் ஈரத்தை இழுத்து அது வியர்த்துப் பளபளப்பதைக் காணலாம். கரியமில வாயுவையும் உறிஞ்சி மெல்லச் சோடியம் கார்பனேட்டாக மாறிவிடுவதால், நெடுநாள் திறந்து கிடந்த செதில் சோப்புக்கு உதவாது. காகிதம் தயாரிக்கவும், பருத்தி நூலுக்கு மினுமினுப்பு ஏற்றும் மெர்சரைசிங் முறைக்கும், பாக்சைட் தாதுவிலிருந்து அலுமினியத்தின் மூலப்பொருளான அலுமினா பிரிக்கவும் ஆலைகள் பயன்படுத்துவதும் இதே பொருளைத்தான்.

500 கிராம் தேங்காய் எண்ணெய் முழுவதும் சோப்பாக மாற ஏறத்தாழ 91.5 கிராம் காஸ்டிக் சோடா தேவைப்படும். தோலை வறட்டாமல் இருக்க ஐந்து விழுக்காடு குறைத்து, 87 கிராம் எடுப்பதே நல்லது. கரண்டிக் கணக்கு இதற்கு ஒத்துவராது. ஒரு கிராம் வரை துல்லியமாகக் காட்டும் டிஜிட்டல் தராசு கட்டாயம் வேண்டும்.

கரைக்கும் நேரமே மிகவும் ஆபத்தானது. கண்களை மூடிக் காக்கும் பாதுகாப்புக் கண்ணாடி, ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை, மூடிய காலணி ஆகியவற்றை அணிந்து, குழந்தைகள் நெருங்காத, காற்றோட்டமான இடத்தில், எவர்சில்வர் பாத்திரத்தில் 200 கிராம் குளிர்ந்த நீரை எடுத்துக்கொண்டு, அதில் செதில்களைச் சிறிது சிறிதாகத் தூவிக் கிளற வேண்டும். செதில்களின் மேல் ஒருபோதும் நீரை ஊற்றக் கூடாது, கொதித்துத் தெறித்துவிடும். முறையாகக் கரைத்தாலும் வெப்பம் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடும். அப்போது எழும் ஆவி தொண்டையைக் கமறச் செய்யும் என்பதால் முகத்தை விலக்கியே வைத்திருங்கள். அலுமினியப் பாத்திரத்தை அருகிலும் கொண்டுவர வேண்டாம். காரம் அதை அரித்து, தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடும். கரைசல் கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறியதைப் பாத்திரத்தின் வெளிப்புறத்தைத் தொட்டுப் பார்த்து உறுதிசெய்த பின், அதை எண்ணெயில் மெல்ல ஊற்றி, தோசை மாவுப் பதம் வரும் வரை கலக்கி, அச்சில் வார்க்கலாம். தேங்காய் எண்ணெய்ச் சோப்பு விரைவில் இறுகி நொறுங்கத் தொடங்குமாதலால் மறுநாள் வரை காத்திராமல், கையுறை அணிந்தே வில்லைகளாக வெட்டிவிட்டு, நான்கு வாரம் நிழலில் உலர்த்துங்கள்.

கரைசல் தோலில் பட்டால் உடனே எரியாமல் போகலாம். முதலில் வழுவழுவென்று மட்டுமே தோன்றும். அந்த வழுவழுப்பு, நம் தோலின் கொழுப்பே சோப்பாக மாறிக்கொண்டிருப்பதன் அடையாளம். வலிக்காகக் காத்திராமல் குழாயைத் திறந்து, ஓடும் நீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவுங்கள். எலுமிச்சைச் சாறோ வினிகரோ ஊற்ற வேண்டாம். கழுவுவதில்தான் தாமதம் ஏற்படும். கண்ணில் பட்டால் இமைகளை விரித்துப் பிடித்து நீரை ஓடவிட்டு, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது, ஏனெனில் மேலேறும் காரம் உணவுக்குழாயை இரண்டாம் முறை அரிக்கும்; 108-ஐ அழையுங்கள்.

மிஞ்சிய செதிலை இறுக மூடும் கனமான பிளாஸ்டிக் டப்பாவில் இட்டு, பெயரெழுதி, பூட்டிய அலமாரியில் வையுங்கள். ஆறித் தெளிந்த கரைசல் பார்வைக்குத் தண்ணீரைப் போலவே இருக்கும்; அதைக் குடிநீர் பாட்டிலில் ஒரு நிமிடம்கூட ஊற்றி வைக்காதீர்கள்.