கேட்டு எழுதிப் பழகுங்கள்: பள்ளி மாணவர்களுக்கு ஆங்கிலம் காதில் ஏற ஒரு வழி

பாடப் புத்தகத்தை வாசித்தால் புரிகிறது, கேள்விகளுக்கு விடையும் எழுத முடிகிறது. அதையே யாராவது பேசினால் பாதி நழுவிப் போகிறது. இந்த நிலையில் இருப்பவர்கள் இன்னொரு இலக்கணப் புத்தகம் வாங்க வேண்டாம். நானும் இதே இடத்தில்தான் நின்றேன். கேட்டு எழுதும் பயிற்சிதான் என்னை நகர்த்தியது. தினமும் அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

1. ஒலிப்பதிவைத் தேர்ந்தெடுங்கள்

ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம்; நீளமான பதிவென்றால் ஒரு நிமிடப் பகுதியை மட்டும் எடுங்கள். பேசியது அப்படியே எழுத்து வடிவிலும் கிடைக்க வேண்டும், இது கட்டாயம். வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலி 1959இல் தொடங்கிய ஸ்பெஷல் இங்கிலிஷ் வகைப் பதிவுகளைத்தான் முதலில் சொல்வேன். சுமார் 1500 சொற்களை அடிப்படையாக வைத்து நிதானமாக வாசித்திருப்பார்கள். அது எளிதாகிவிட்டால் பிபிசியின் சிக்ஸ் மினிட் இங்கிலிஷுக்குப் போகலாம். யூடியூபில் தானாக உருவாகும் வசன வரிகளை நம்பாதீர்கள். சின்னச் சொற்களை அவை அடிக்கடி விட்டுவிடும், நமக்கு வேண்டியதே அந்தச் சின்னச் சொற்கள்தான்.

2. எழுத்தைப் பார்க்காமல் இரண்டு முறை கேளுங்கள்

எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று பிடிபட்டால் போதும்.

3. ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி எழுதுங்கள்

தாளும் பென்சிலும்தான். ஃபோனில் தட்டினால் அதுவே எழுத்துப் பிழையைத் திருத்திவிடும், உங்களுக்கு எது தெரியவில்லை என்பது தெரியாமலே போய்விடும். விட்டுப்போன இடத்தில் கோடு போட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போங்கள்.

4. மூலத்தோடு ஒப்பிடுங்கள்

நான் அதிக நாள் திணறிய படி இது. பெரிய சொற்களெல்லாம் சரியாக இருக்கும். ஆஃப், டு, ஃபார், எ போன்றவை மட்டும் காணாமல் போயிருக்கும். காதில் கோளாறு இல்லை, ஆங்கிலத்தின் ஓட்டமே அப்படி. அழுத்தம் வாங்கும் அசை நீளும், வாங்காதது சுருங்கும். குற்றியலுகரம் படித்திருப்பீர்கள்: 'பாக்கு' என்னும்போது கடைசி உகரம் அரை மாத்திரையாகக் குறைகிறது. ஆங்கிலத்தில் இந்தச் சுருக்கம் வாக்கியத்தின் நடுவிலேயே எங்கும் நடக்கும். 'எ கப் ஆஃப் டீ' என்று எழுதியிருப்பது 'எ கப்ப டீ' என்றுதான் காதில் விழும்.

இதைப் பாருங்கள்: 'லாஸ்ட் வீக் வி வாக்ட் டு த லைப்ரரி.' பலர் 'வாக் டு' என்றே எழுதுவார்கள். வாக்ட் என்பதன் கடைசி ஒலியும் அடுத்த டுவின் முதல் ஒலியும் ஒன்றாக ஒட்டிக்கொள்வதால் தனியாக எதுவும் கேட்காது. இங்கே இலக்கணம் கை கொடுக்கும். 'லாஸ்ட் வீக்' என்று வந்துவிட்டது, ஆகவே வினை இறந்தகாலத்தில்தான் இருக்க வேண்டும். காது விட்டதை இலக்கணத்தால் நிரப்பி, அதே இடத்தை மறுபடி போட்டுக் கேளுங்கள். வாண்டட், நீடட் போன்றவற்றில் மட்டும் அந்தக் கடைசிப் பகுதி தனி அசையாகவே கேட்கும்.

பிழைகளை எண்ணி மதிப்பெண் போடாதீர்கள். எந்த வகைச் சொல் திரும்பத் திரும்ப விடுபடுகிறது என்று ஓரத்தில் குறித்து வையுங்கள், அது போதும்.

5. கூடவே சேர்ந்து பேசுங்கள்

பதிவை ஓடவிட்டு, அரை நொடி பின்னால் நீங்களும் வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு உங்கள் குரலைப் பதிவு செய்து கேளுங்கள். வெள்ளைக்காரர் மாதிரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டியதில்லை, அழுத்தம் சரியான அசையில் விழுகிறதா என்று பாருங்கள். ஃபோட்டோகிராஃப் என்பதில் முதல் அசையில் விழும் அழுத்தம், ஃபொட்டாகிரஃபர் என்னும்போது இரண்டாவதுக்கு நகர்ந்துவிடும். அப்புறம் எல்லாவற்றையும் மூடிவைத்து, கேட்ட செய்தியை ஐந்து வாக்கியங்களில் உங்கள் சொற்களிலேயே சொல்லுங்கள். பேச்சு வருவது இங்கேதான்.

6. மூன்று சொற்கள் மட்டும் நோட்டில்

சொல்லை அது வந்த முழு வாக்கியத்தோடு எழுதுங்கள். பொருள் பார்க்க மாணவர்களுக்கான ஆங்கில-ஆங்கில அகராதிதான் என் விருப்பம். லாங்மேன் அகராதி சுமார் 2000 எளிய சொற்களை வைத்தே விளக்கங்களை எழுதுகிறது, அதைப் படிப்பதே தனிப் பயிற்சி.

பின்னர் சேர்த்தது: 'எத்தனை முறை கேட்டாலும் ஒரு வாக்கியம்கூட எழுத முடியவில்லை' என்று சிலர் எழுதியிருந்தார்கள். அப்படியென்றால் முதலில் எழுத்து வடிவத்தை வாசியுங்கள். வாக்கியத்துக்கு இரண்டுக்கு மேல் தெரியாத சொல் இருந்தால் அந்தப் பதிவு இப்போது வேண்டாம், எளிதானதை எடுங்கள். வாசிக்கப் புரிந்து, கேட்க மட்டும் புரியவில்லையா? வேகத்தை 0.75 ஆக்கி எழுதுங்கள். ஆனால் ஐந்தாவது படியை மட்டும் இயல்பான வேகத்தில்தான் செய்ய வேண்டும்; மெதுவாக்கினால் அந்தச் சுருக்கங்கள் வாயில் படியாது.