பள்ளிக் கட்டண விலக்கு: விண்ணப்பம் சறுக்கும் இடங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்திலோ பீனிக்ஸிலோ வசிக்கும் பெற்றோர், பிள்ளையை அந்நகரின் பழைய மாடல் சி பள்ளியொன்றில் (முன்பு வெள்ளையருக்கு மட்டுமாக இருந்த, கட்டணம் வாங்கும் அரசுப் பள்ளி) சேர்க்க ஆசைப்பட்டால் முதலில் பார்ப்பது ஆண்டுக் கட்டணத்தைத்தான். அந்தத் தொகையைக் கண்டதும் 'நமக்கு எட்டாது' என்று திரும்பிவிடுவதே பெரிய தவறு. கட்டணம் கட்ட வழியில்லை என்ற காரணத்துக்காக அரசுப் பள்ளி எந்தப் பிள்ளையையும் சேர்க்க மறுக்கக் கூடாது என்கிறது 1996ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் சட்டம். விலக்கு தருவது 2006ஆம் ஆண்டு விதிமுறைகளில் உள்ள கணக்கு. அதற்கு யாருடைய இரக்கமும் தேவையில்லை, கேட்பதில் வெட்கமும் வேண்டாம். தனியார் பள்ளிகளுக்கு மட்டும் இந்த விதிமுறைகள் பொருந்தா.

அதிகம் பேர் தவறுவது கணக்கில்தான். ஆண்டுக் கட்டணத்தோடு, பள்ளி நிகழ்ச்சிகளுக்காகத் தனியாகக் கட்டும் பணத்தையும் கூட்டி, 100ஆல் பெருக்கி, பெற்றோர் இருவரின் ஆண்டு மொத்த வருமானத்தால் வகுக்க வேண்டும். விடை 10 அல்லது அதற்கு மேல் என்றால் முழு விலக்கு. 2க்குக் கீழே போனால் விலக்கு இல்லை. இடைப்பட்டவர்களுக்கு விதிமுறையில் ஓர் அட்டவணை உண்டு. கட்டணம் வாங்கும் அரசுப் பள்ளிகளில் உங்கள் பிள்ளைகள் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்பதைப் பொறுத்துச் சலுகை கூடும். அதனால் மற்ற பிள்ளைகளின் பெயரை விட்டுவிடாதீர்கள்.

கட்டணம் 23,000 ராண்ட், கூடுதல் செலவு 2,000 ராண்ட், பெற்றோர் வருமானம் 2,50,000 ராண்ட் என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் கூட்டினால் விடை சரியாக 10, முழு விலக்கு. கூடுதல் செலவை எழுத மறந்தால் 9.2 ஆகிவிடும், முழு விலக்கு கைநழுவிப் போகும். ரசீதுகளைச் சேர்த்து வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

வருமானத்தை எழுதும்போது கைக்கு வரும் சம்பளத்தை எழுதிவிடுகிறார்கள். கேட்பது பிடித்தம் போவதற்கு முந்தைய தொகை. சம்பளச் சீட்டோடு அது ஒத்துப்போகாவிட்டால் விண்ணப்பத்தின் மேல் சந்தேகம் விழும். கூட்டுக் குடும்பங்களில் நடப்பது இதற்கு எதிரான தவறு: ஒரே வீட்டில் இருக்கும் சித்தப்பாவின் சம்பளத்தையும் தாத்தாவின் பென்ஷனையும் சேர்த்துக் காட்டுகிறார்கள். கணக்குக்கு வேண்டியது பெற்றோரின் வருமானம் மட்டுமே.

பெற்றோரை இழந்த பேரப்பிள்ளையை வளர்க்கும் பாட்டிக்கு இந்தக் கணக்கே தேவையில்லை. அநாதையான அல்லது கைவிடப்பட்ட பிள்ளையை வளர்ப்பவருக்கும், பிள்ளையின் பேரில் சாஸா (அரசின் சமூகப் பாதுகாப்பு முகமை) மானியம் பெறுபவருக்கும் தானாகவே முழு விலக்கு உண்டு. இதைத் தெரியாமல் வருடக்கணக்கில் கடன் வாங்கிக் கட்டுகிறார்கள் என்பதுதான் வேதனை. மானியச் சான்றின் நகலைக் கொடுத்துவிடுங்கள்.

மணமுறிவுக்குப் பிறகு முன்னாள் கணவர் வருமான விவரம் தர மறுத்தால் விண்ணப்பத்தைக் கைவிட வேண்டியதில்லை. அப்படி நின்ற ஒரு தாயின் வழக்கில், 2017ல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. மறுக்கிறார் என்பதை உறுதிமொழிப் பத்திரமாக எழுதி இணைத்துவிடுங்கள். கணக்குப்படி தகுதி வராவிட்டாலும், வேலை போனது, நோய் வந்தது போன்ற சூழலில் நிபந்தனை விலக்கும் கேட்கலாம்.

படிவத்தை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வரக் கூடாது. அது பள்ளி ஆட்சிக் குழுத் தலைவருக்குப் போக வேண்டியது. பெற்ற தேதியோடு முத்திரையிட்ட நகலைக் கேட்டு வாங்குங்கள். குழு 30 நாட்களுக்குள் முடிவெடுக்க வேண்டும். மறுத்தால், அறிவிப்பு வந்த 30 நாட்களுக்குள் மாகாணக் கல்வித் துறைத் தலைவருக்கு மேல்முறையீடு செய்யலாம். தேதி கையில் இல்லாவிட்டால் இந்த நாட்களை எதிலிருந்து எண்ணுவது? போன வருடம் கிடைத்ததே என்று இருந்துவிடவும் கூடாது, ஒவ்வோர் ஆண்டும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்.

கட்டணம் பாக்கி என்று மதிப்பெண் அறிக்கையை நிறுத்திவைப்பதும், பிள்ளையை வகுப்பிலிருந்தோ விளையாட்டிலிருந்தோ விலக்குவதும் சட்டவிரோதம். வழக்கறிஞர் கடிதம் வந்தால் பயந்து கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். வழக்குக்குப் போகும் முன் உங்களுக்கு விலக்குத் தகுதி உண்டா என்று பள்ளி பார்த்திருக்க வேண்டும். பார்த்ததற்கான எழுத்துச் சான்றைக் கேளுங்கள். குடியிருக்கும் வீட்டை இந்தக் கடனுக்காக ஜப்தி செய்ய முடியாது.