கொமன் கார்ட்டுகளில் ஒரு பறவை டெக்

மெஜிக்: த கேதரிங் என்ற கார்ட் விளையாட்டில் பறவை டெக் (விளையாடுவதற்கு நாமே தொகுக்கும் கட்டு) கட்டத் தொடங்குபவர்கள் அநேகமாக முதலில் செய்வது, ‘பேர்ட்’ என்று அச்சிட்டிருக்கும் கார்ட் எல்லாவற்றையும் பொறுக்கி அடுக்குவதுதான். பார்க்க வடிவாக இருக்கும், மேசையில் தோற்கும். மலிவான பறவைகள் எல்லாமே சின்னவை. 1/1 பறவை (அடிப்பதும் ஒன்று, தாங்குவதும் ஒன்று) தனியாகப் பறந்து போய் எதிராளியின் இருபது உயிரைக் குறைக்க இருபது சுற்று வேண்டும். அவை கூட்டமாக வந்தால்தான் பலன். அப்படிக் கூட்டம் சேர்க்கும் கார்ட்டுகளும் கூட்டத்துக்கு வலுவேற்றும் கார்ட்டுகளும் வெள்ளைக் கிரீச்சரா (களத்தில் சண்டை போடும் கார்ட்) என்றுதான் பார்க்கின்றன, பறவையா என்று பார்ப்பதில்லை. அதனால் இந்த டெக்கில் இனத்தை விட நிறத்துக்கே முதலிடம்.

இங்கே தருவது பாப்பர் முறைக்கான டெக். குறைந்தது 60 கார்ட், ஒவ்வொன்றும் எப்போதாவது கொமன் (மிகச் சாதாரணமாகக் கிடைக்கும்) தரத்தில் வெளிவந்திருக்க வேண்டும். அடிப்படை நிலங்களைத் தவிர எதுவும் நான்குக்கு மேல் கூடாது. உயிர் 20. மட்டக்களப்பிலோ கல்முனையிலோ இருந்துகொண்டு டெக் கட்டுபவருக்குக் கார்ட் பெரும்பாலும் கொழும்பிலிருந்தோ, வெளிநாட்டுச் சொந்தக்காரரின் பெட்டியிலோதான் வந்து சேரும். விலை குறைந்த கொமன்கள்தான் அதற்குத் தோது.

அறுபதும் இவை (முதல் வரி கிரீச்சர், இரண்டாவது மந்திரம், மூன்றாவது நிலம்):

ஹீலர்ஸ் ஹாக் 4, ஸ்குவாட்ரன் ஹாக் 4, கோர் ஸ்கைஃபிஷர் 4, ஏவன் ரிஃப்ட்வாட்சர் 3, ஓகரி அவுல் 3.
பெட்டில் ஸ்கிரீச் 4, ஜேர்னி டு நோவெயர் 4, பிரெயின்ஸ்டோம் 4, கார்டியன்ஸ் பிளெட்ஜ் 3, பிரிஸ்மெட்டிக் ஸ்ட்ரான்ட்ஸ் 2, எயர்போர்ன் எயிட் 2.
பிளெயின்ஸ் 11, ஐலண்ட் 5, டிரான்குவில் கோவ் 4, இவோல்விங் வைல்ட்ஸ் 3.

ஸ்கைஃபிஷர் பறவையே இல்லை, கோர் இனம். ஆனாலும் இரண்டு மானாவுக்கு (நிலங்கள் தரும் செலவுச் சக்தி) பறக்கும் 2/3 கொமனில் வேறு எங்கே கிடைக்கும்? உள்ளே வரும்போது உங்களுடைய ஏதாவது ஒன்றைக் கைக்குத் திருப்ப வேண்டும் என்பதுதான் அதன் தண்டம். அந்தச் சுற்றில் இன்னும் நிலம் வைக்கவில்லை என்றால், ஏற்கெனவே மானா எடுத்துச் சாய்த்த (பயன்படுத்தியதைக் காட்டப் பக்கவாட்டில் திருப்பிய) நிலத்தைத் திருப்பி எடுத்து மறுபடி வையுங்கள். தண்டம் அத்தோடு முடிந்தது. ரிஃப்ட்வாட்சர் களத்தில் இருந்தால் இன்னும் நல்லது: அது உள்ளே வந்தாலும் வெளியே போனாலும் இரண்டு உயிர் தரும், எப்படியும் சில சுற்றில் போய்விடப் போகிற பறவை. அதைத் திருப்பி எடுத்து அடுத்த சுற்றில் மறுபடி இறக்குங்கள்.

டெக்கின் முதுகெலும்பு பெட்டில் ஸ்கிரீச். நான்கு மானா, அதில் இரண்டு வெள்ளை. பறக்கும் 1/1 வெள்ளைப் பறவை டோக்கன் (டெக்கில் இல்லாமல் களத்தில் பிறக்கும் கிரீச்சருக்கான அடையாளம்) இரண்டு வரும். பிறகு கல்லறையிலிருந்து (பயன்படுத்திய கார்ட் போய்ச் சேரும் இடம்) ஃபிளாஷ்பேக்கில் இன்னொரு தரம் போடலாம். அதற்கு மானா வேண்டாம், சாயாமல் நிற்கும் வெள்ளைக் கிரீச்சர் மூன்றைச் சாய்த்தால் போதும். புதியவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். இந்தச் சுற்றில் வந்த கிரீச்சர் தாக்கப் போக முடியாது, அதனால் சாய்க்கவும் முடியாது என்று எண்ணி அடுத்த சுற்று வரை காத்திருப்பார்கள். அது பிழை. அந்தத் தடை தாக்குவதற்கும், கிரீச்சரின் சொந்தத் திறனில் சாய்க்கும் குறி அச்சிட்டிருந்தால் அதற்கும் மட்டுமே. ஸ்கிரீச் கேட்பது வேறொரு கார்ட்டின் கட்டணம், சற்று முன் பிறந்த டோக்கனையும் அதற்குச் சாய்க்கலாம். ஆக, நான்காம் சுற்றில் களத்தில் ஏற்கெனவே ஒரேயொரு வெள்ளைப் பறவை நின்றால் போதும். அதையும் புதிய இரண்டையும் சாய்த்தால் ஒரு கார்ட்டுக்கு நான்கு பறவை. அடுத்த சுற்றுக்கு ஒத்திவைத்தால் இடையில் எதிராளி உங்கள் கல்லறையைத் துடைத்துவிடலாம்.

தாக்குதலையும் சேர்த்து யோசியுங்கள். தாக்கப் போன பறவை சாய்ந்துவிடும், பிறகு கட்டணத்துக்கு உதவாது. இரண்டு பழைய பறவைகள் இருந்தால் ஒன்றை அனுப்புங்கள், மற்றதை நிறுத்தி வைத்து, தாக்குதல் முடிந்ததும் ஸ்கிரீச்சைப் போடுங்கள்.

இப்போது ஓகரி அவுல் ஏன் மூன்று மட்டும் என்பது விளங்கும். கட்டின் மேலிருந்து மூன்றைப் பார்த்து ஒழுங்குபடுத்தித் தரும் நல்ல பறவைதான், ஆனால் நீலம். ஸ்கிரீச்சின் கட்டணத்துக்குச் செல்லாது. வெள்ளைக் கிரீச்சர்களுக்கு +2/+2 தரும் கார்டியன்ஸ் பிளெட்ஜும் அதைக் கண்டுகொள்ளாது. நீலப் பறவைகளை எட்டு, பத்து என்று ஏற்றினால் கையில் ஸ்கிரீச் இருந்தும் மூன்றாவது வெள்ளைக்காகக் காத்துக்கொண்டு இருப்பீர்கள்.

ஸ்குவாட்ரன் ஹாக்கை நான்கிலிருந்து குறைக்கவே வேண்டாம். முதலாவது இறங்கியதும் கட்டில் தேடி மற்ற மூன்றையும் கைக்கு எடுக்கலாம். ‘மூன்று வரை’ என்றுதான் கார்ட் சொல்கிறது, மூன்றையும் எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இரண்டாவதாக விளையாடுபவர் முதற்சுற்றில் ஒரு பறவை, இரண்டாம் சுற்றில் ஹாக் என்று இறக்கியிருந்தால் கையில் ஐந்து மிஞ்சும். மூன்று எடுத்தால் எட்டு, சுற்று முடிவில் ஒன்றை வீச வேண்டும். அப்படியான நேரம் இரண்டை எடுங்கள். கட்டில் விட்டதை அடுத்த ஹாக் கொண்டு வரும்.

பிரெயின்ஸ்டோம் மூன்று கார்ட் எடுத்து, கையிலிருந்து இரண்டைக் கட்டின் மேல் வைக்கச் சொல்கிறது. வேண்டாத இரண்டை வைத்தால் அடுத்த இரண்டு சுற்றும் அவையே திரும்பி வந்து உயிரை வாங்கும். கட்டைக் கலைக்க வழி இருந்தால் மட்டும் போடுங்கள்: இவோல்விங் வைல்ட்ஸ் ஒரு வழி, ஹாக் இன்னொன்று. கையில் மூன்று ஹாக் இருந்தால் இன்னும் ருசியான வேலை ஒன்று உண்டு. பிரெயின்ஸ்டோமில் இரண்டு ஹாக்கை மேலே வைத்துவிட்டு மூன்றாவதை இறக்குங்கள். அது தேடிப் போய் அதே இரண்டையும் திரும்பக் கைக்குக் கொண்டு வரும், ஒரு மானாவுக்கு மூன்று புதுக் கார்ட் மிச்சம். இரண்டுக்கும் சேர்த்து மூன்று மானாதான், மூன்றாம் சுற்றிலேயே முடியும். 2011இல் பெரிய போட்டிகளை ஆட்டிப்படைத்த கோ-பிளேட் டெக்கிலும் இந்த ஹாக்தான் இருந்தது. அதே ஆண்டு ஜூனில் ஸ்டாண்டர்ட் முறையில் (அண்மைய தொகுப்புகளை மட்டும் அனுமதிக்கும் முறை) தடை அறிவிக்கப்பட்டது அதன் கூட்டாளிக் கார்ட்டுகளான ஸ்டோன்ஃபோர்ஜ் மிஸ்டிக்குக்கும் ஜேஸுக்கும். ஹாக் தப்பிவிட்டது.

எல்லாம் ஒழுங்காக வந்தால் கணக்கு இப்படிப் போகும். முதற்சுற்று ஹீலர்ஸ் ஹாக், இரண்டாவதில் ஸ்குவாட்ரன் ஹாக், மூன்றாவதில் இன்னொரு ஹாக், நான்காவதில் ஸ்கிரீச் இரு தரம். ஐந்தாம் சுற்றில் ஏழு பறவை. எல்லாவற்றையும் அனுப்பி, எதிராளி தடுப்பவர்களை அறிவித்த பிறகு பிளெட்ஜைப் போட்டால் ஒவ்வொன்றும் 3 அடி, மொத்தம் 21. முன்னமே போட்டுக் காட்டினால் எதைத் தடுப்பது என்று அவர் கணக்குப் பார்த்துவிடுவார்.

எயர்போர்ன் எயிட் களத்திலுள்ள பறவை ஒவ்வொன்றுக்கும் ஒரு கார்ட் தரும், எதிராளியின் பறவைகளையும் சேர்த்து எண்ணும். ஐந்து பறவை நின்றால் அருமை, ஒன்றும் இல்லாவிட்டால் வெறுங்கடதாசி. இரண்டுக்கு மேல் வேண்டாம்.

நிலம் 23. வெள்ளை தரக்கூடியவை 18, நீலம் தரக்கூடியவை 12. தொடக்கக் கை ஏழில் இரண்டு முதல் நான்கு நிலம் இருந்து, ஒன்றாவது வெள்ளை தருமானால் வைத்துக்கொள்ளுங்கள். ஐலண்ட் இரண்டோடு வெள்ளைப் பறவைகள் நிறைந்த கை பார்க்கத்தான் ஆசை காட்டும், மாற்றிவிடுங்கள். டிரான்குவில் கோவ் சாய்ந்தபடியே வருவதால், முதற்சுற்றில் இறக்க ஹீலர்ஸ் ஹாக் கையில் இல்லாத நாளில் அதை முதலில் வையுங்கள்.

இந்த டெக்கைக் கொல்வது ஒரே அடியில் எல்லாரையும் தொடும் கார்ட்டுகள். சிவப்பின் எலெக்ட்ரிக்கரி, ஃபையரி கெனனேட், கறுப்பின் கிரிப்ட் ரெட்ஸ் ஏதாவது ஒன்று வந்தால் 1/1 கூட்டம் முழுதும் போய்விடும். பிரிஸ்மெட்டிக் ஸ்ட்ரான்ட்ஸ் அதற்குத்தான்: ஒரு நிறத்தைச் சொன்னால் அந்தச் சுற்றில் அந்த நிறம் தரும் சேதம் எல்லாம் நின்றுவிடும். ஃபிளாஷ்பேக்குக்கு ஒரு வெள்ளைக் கிரீச்சரைச் சாய்த்தால் போதும். ஆனால் அது தடுப்பது சேதத்தை மட்டும். கிரீச்சர்களுக்கு -1/-1 என்று குறைக்கும் கறுப்புக் கார்ட்டுகளுக்கு அது உதவாது. அவற்றுக்கு ஒரே மருந்து, கையைக் காலியாக்காமல் விளையாடுவது. எதிரில் சிவப்போ கறுப்போ இருந்தால் நான்கு பறவை களத்தில் நின்றதும் நிறுத்துங்கள், மிச்ச ஹாக்கைக் கையில் வைத்திருங்கள். கூட்டம் துடைத்துப் போனால் அடுத்த சுற்றே இரண்டு இறங்கும். 304 சீட்டாட்டம் விளையாடுபவர்களுக்கு இந்தப் பொறுமையைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை, துரும்பை எடுத்த உடனே எறிபவர் யார்?

சைட்போர்ட் (ஆட்டங்களுக்கு இடையில் மாற்றிக்கொள்ள வைக்கும் உதிரிக் கார்ட்) 15இல் சிவப்புக்கு எதிராக ஹைட்ரோபிளாஸ்ட் 4, ஆர்ட்டிஃபெக்ட் (கருவிக் கார்ட்) டெக்குகளுக்கு டஸ்ட் டு டஸ்ட் 3, ஸ்ட்ரான்ட்ஸ் இன்னும் 2. மிச்சம் ஆறும் உங்கள் கூட்டாளிகள் என்ன விளையாடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

கார்ட் வந்து சேரும் வரைக்கும், வீட்டில் பழகுவதற்கு அச்செடுத்து விளையாடலாம். அதிகாரபூர்வப் போட்டிக்கு அவை செல்லாது, விற்கவும் கூடாது. ஒரு கார்ட் 63 மி.மீ. அகலம், 88 மி.மீ. உயரம், ஏ4 தாளில் ஒன்பது பிடிக்கும். எட்டுத் தாளில் 72 வரும்: டெக்குக்கு 60, பறவை டோக்கனுக்கு 12. அச்சுக் கடையில் நூறு வீத அளவு என்று சொல்லிக் கொடுங்கள். சொல்லாவிட்டால் தாளுக்குப் பொருந்தும்படி இயந்திரம் சுருக்கிவிடும், கார்ட் உறைக்குள் ஆடும். ஒரு கார்ட்டை அடிமட்டத்தால் அளந்து பார்த்த பிறகு மிச்சத்தை வெட்டுங்கள். வெட்டிய துண்டை, பின்பக்கம் தெரியாத உறைக்குள், சாதாரண விளையாட்டுக் கார்ட் ஒன்றுக்கு முன்னால் வையுங்கள். 57 மி.மீ. அகலமான ஒடுங்கிய கட்டும் கடைகளில் உண்டு, அது உள்ளே நழுவும், அகலமானதையே வாங்குங்கள். உண்மைக் கார்ட்டையும் அச்செடுத்ததையும் கலப்பதானால் எல்லா உறைக்கும் ஒரே தடிப்பு இருக்க வேண்டும். இல்லையென்றால் கட்டைக் கலைக்கும்போதே எது எங்கே என்று விரலுக்குத் தெரிந்துவிடும்.

டோக்கனில் எந்தப் படமும் போடலாம்: வாவியில் வட்டமிடும் செம்பருந்து, குமணையின் கூழைக்கடா, எது என்றாலும் சரி. ஓரத்தில் 1/1, வெள்ளை, பறப்பது, பேர்ட் என்ற நான்கும் தெளிவாக இருக்க வேண்டும். கச்சான் காற்று அடிக்கும் நாளில் விறாந்தையில் விளையாடினால் டோக்கன்களையும் உறையில் போடுங்கள், வெறும் கடதாசிப் பறவை உண்மையாகவே பறக்கும். மாரியில் ஈரம் ஏறினால் மினுங்கும் ஃபொயில் கார்ட் வில்லாக வளையும். இறுக்கமாக மூடும் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு வையுங்கள், இந்த டெக்குக்கு ஃபொயில் வாங்கவே வேண்டாம்.

நாலு பேராக விளையாடும் கொமாண்டர் முறைக்கு இதே டெக்கை நீட்டக்கூடாது. அங்கே 100 கார்ட், அடிப்படை நிலம் தவிர எல்லாம் ஒவ்வொன்று, உயிர் 40. நான்கு ஹாக்கும் நான்கு ஸ்கிரீச்சும் ஒவ்வொன்றாகக் குறைந்தால் மேலே சொன்ன கணக்கு எதுவும் நிற்காது. அதற்கு 2024 ஆகஸ்டில் வந்த புளூம்பரோ தொகுப்பின் கெஸ்ட்ரல், த விண்ட்கிரெஸ்டட் என்ற ஐந்து மானாப் பறவையைத் தலைவராக வையுங்கள். பறவைகள் எதிராளியைத் தாக்கிச் சேதம் செய்யும்போதெல்லாம் ஒரு கார்ட் எடுக்கலாம், அல்லது பறவைகள் எல்லாவற்றுக்கும் +1/+1 கவுண்டர் வைக்கலாம், இல்லையென்றால் கையிலோ கல்லறையிலோ உள்ள ஒரு பறவையை மானா இல்லாமல் இறக்கலாம். அந்த டெக்கில் பெரிய பறவைகளுக்கும் இடம் உண்டு, இனமும் அங்கேதான் நிறத்தை முந்தும்.