ப்ளூடூத் ஸ்பீக்கரையும் இயர்பட்ஸையும் சோதித்து ரிவ்யூ எழுதுவது எப்படி?

பெங்களூரு எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடையில் நின்று கேட்டால் எல்லா ஸ்பீக்கரும் நன்றாகத்தான் இருக்கும். தெருவில் அவ்வளவு இரைச்சல். எது சத்தமாகப் பாடுகிறதோ அதுதான் காதுக்கு எட்டும். கடைக்காரரும் முழு வால்யூமில் வைத்துத்தான் காட்டுவார். அதே ஸ்பீக்கரை அல்சூரில் பத்துக்குப் பத்து அறையில் வைத்தால் கதை வேறு. ரிவ்யூ படிக்கிறவர் அந்த மாதிரி அறையில்தான் அதைக் கேட்கப் போகிறார். அவருக்கு உதவும்படி எழுத வேண்டுமானால் ஒரு விதியை மட்டும் விட்டுவிடாதீர்கள்: இரண்டு கருவிகளை ஒப்பிடும்போது இரண்டும் ஒரே அளவு சத்தத்தில் ஓட வேண்டும்.

தேவையானவை அதிகமில்லை. ஒரு யூஎஸ்பி பவர் மீட்டர் (எஸ்.பி. ரோட்டில் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும்), அளக்கும் டேப், டெசிபல் காட்டும் ஆப் உள்ள போன், வீடியோ எடுக்க இன்னொரு போன், கம்ப்யூட்டரில் இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருள். இவற்றோடு உங்களுக்கு நன்றாகப் பழகிய பழைய ஸ்பீக்கர் ஒன்று கட்டாயம் வேண்டும். ஒப்பிட ஒன்று இல்லாமல் "நன்றாக இருக்கிறது" என்று எழுதினால் படிப்பவருக்கு எதுவும் புரியாது.

படி 1: பெட்டியைப் படியுங்கள்

முதலில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முத்திரையைத் தேடுங்கள். அதன் கீழே 'ஆர்' எழுத்தில் தொடங்கும் 8 இலக்கப் பதிவு எண் இருக்கும். அதை பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டால் யார் பெயரில், எந்தப் பொருளுக்குப் பதிவாகியிருக்கிறது என்று தெரியும். எண் வேறு பொருளுக்கு உரியது என்று வந்தால் அதை ரிவ்யூவின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.

அடுத்து வாட்ஸ் கணக்கு. பெட்டியில் 40 வாட்ஸ், 2000 எம்ஏஹெச், 10 மணி நேரம் என்று மூன்றும் போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி செல்லின் வோல்டேஜ் 3.7. 2000 எம்ஏஹெச் என்பது 2 ஆம்பியர்-அவர். எனவே உள்ளே இருக்கும் மொத்த ஆற்றல் 3.7 × 2 = 7.4 வாட்-அவர். அது 10 மணி நேரம் ஓடினால் சராசரியாக 0.74 வாட்தான் செலவாகிறது. உண்மையிலேயே 40 வாட் எடுத்தால் 11 நிமிடத்தில் பேட்டரி தீர்ந்துவிடும். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்காது. இந்தச் சின்னக் கணக்கை ரிவ்யூவில் அப்படியே போட்டுக் காட்டுங்கள். பிஎம்பிஓ என்று ஊதிப் பெருக்கிய வாட்ஸ் எண்ணை அச்சடித்த பெட்டிகளுக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடையாது.

படி 2: சார்ஜை அளவிடுங்கள்

ஸ்பீக்கரை அது தானாக அணையும்வரை ஓடவிட்டு, பிறகு ஆஃப் நிலையிலேயே பவர் மீட்டர் வழியாக முழுதாகச் சார்ஜ் ஏற்றுங்கள். மீட்டரில் வாட்-அவர் கணக்கைப் பாருங்கள். சார்ஜ் ஏறும்போது 15 முதல் 20 சதவீதம் வரை வீணாகும் என்று கொண்டால், 7.4 வாட்-அவர் பேட்டரிக்கு மீட்டர் ஏறக்குறைய 8.7 முதல் 9.3 வரை காட்ட வேண்டும். 5 காட்டினால் உள்ளே இருப்பது சொன்ன பேட்டரி இல்லை.

புதியவர்கள் வழக்கமாக இங்கேதான் தடுமாறுகிறார்கள். மீட்டரில் வரும் எம்ஏஹெச் எண்ணை எடுத்துப் பெட்டியில் உள்ள எண்ணோடு ஒப்பிடுவார்கள். மீட்டர் அளப்பது 5 வோல்ட்டில், பெட்டியில் போட்டிருப்பது 3.7 வோல்ட்டில். நல்ல 2000 எம்ஏஹெச் பேட்டரியே மீட்டரில் 1750, 1850 என்றுதான் வரும். அதைப் பார்த்து "கம்பெனி ஏமாற்றுகிறது" என்று எழுதிவிடாதீர்கள்.

இரண்டு பக்கமும் டைப்-சி உள்ள கேபிளிலும் ஒரு முறை சார்ஜ் போட்டுப் பாருங்கள். விலை குறைந்த கருவிகள் சிலவற்றில் டைப்-சி போர்ட்டுக்கு வேண்டிய இரண்டு சிறு ரெசிஸ்டர்களை வைக்காமல் விட்டிருப்பார்கள். அவை பழைய யூஎஸ்பி-ஏ கேபிளில் மட்டும் சார்ஜ் ஆகும். வாங்குகிறவர் கருவி பழுது என்று நினைத்து அலைவார். நீங்கள் ஒரு வரியில் எழுதிவிட்டால் அந்த அலைச்சல் மிச்சம்.

படி 3: சத்தத்தைச் சமப்படுத்துங்கள்

காது ஒரு டெசிபல் கூடுதல் சத்தத்தைக்கூட "தெளிவு அதிகம், பாஸ் அதிகம்" என்றே எடுத்துக்கொள்ளும். ஆகவே இந்தப் படியில் அவசரம் கூடாது.

ஆடாசிட்டியில் ஒரு நிமிடம் பிங்க் நாய்ஸ் (சோதனைக்கான சீரான இரைச்சல்) உருவாக்கி வேவ் ஃபைலாகச் சேமியுங்கள். ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி, உட்கார்ந்தால் காது இருக்கும் உயரத்தில், உறுதியான மர ஸ்டூலில் வையுங்கள். டெசிபல் ஆப் உள்ள போனைச் சரியாக ஒரு மீட்டர் தூரத்தில் நிறுத்துங்கள். ஃபேனை அணையுங்கள். பழைய ஸ்பீக்கரில் நாய்ஸை ஓட்டி ஆப் 70 காட்டும் வரை வால்யூம் வையுங்கள். பிறகு அதே ஸ்டூலில் புதியதை வைத்து அதே 70க்குக் கொண்டுவாருங்கள். போன் மைக் துல்லியமான கருவி அல்ல, ஆகவே 70 என்ற எண்ணை நம்ப வேண்டாம். ஆனால் அதே போன் அதே இடத்தில் இருக்கும்வரை இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நம்பலாம்.

வால்யூம் பட்டனை ஒரு தடவை அழுத்தினால் இரண்டு மூன்று டெசிபல் தாவும், நடுவில் நிற்காது. ஆண்ட்ராய்டில் டெவலப்பர் ஆப்ஷன்ஸுக்குப் போய் அப்சொல்யூட் வால்யூமை நிறுத்திவிட்டால் போனுக்குத் தனி வால்யூம், ஸ்பீக்கருக்குத் தனி வால்யூம் ஆகிவிடும். இரண்டையும் மாற்றி மாற்றி அமைத்தால் அரை டெசிபல் அருகில் வரலாம். அதுவும் போதவில்லையென்றால் ஆடாசிட்டியில் பாட்டின் அளவையே 1 டெசிபல் குறைத்து இன்னொரு ஃபைல் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பீக்கரைச் சுவர் மூலையில் வைத்தால் பாஸ் ஏறும். இரும்பு பீரோ மேல் வைத்தால் பீரோவின் கதவு சேர்ந்து அதிரும், அதை ஸ்பீக்கரின் குற்றமாக எழுத நேரும். இரண்டு ஸ்பீக்கருக்கும் இடம் ஒன்றாகவே இருக்கட்டும்.

படி 4: எதைக் கேட்பது

யூடியூபில் கேட்காதீர்கள், தரம் குறையாத வேவ் அல்லது ஃப்ளாக் ஃபைல் வைத்துக்கொள்ளுங்கள். மிருதங்கத் தனி, நாதஸ்வரம் தவிலோடு, தம்புரா மட்டும் ஒலிக்கும் பகுதி, ஒரு பெண் குரல், ஒரு தமிழ்ச் செய்தி வாசிப்பு. இந்த ஐந்தே போதும்.

மிருதங்கம் நல்ல சோதனை. தொப்பியில் (மிருதங்கத்தின் இடப்பக்கம்) விழும் "கும்" என்ற ஒலி கீழிருந்து வழுக்கி மேலே ஏற வேண்டும். 45 மில்லிமீட்டர் ட்ரைவர் (அதிர்ந்து ஒலி எழுப்பும் பகுதி) உள்ள சின்ன ஸ்பீக்கரால் அவ்வளவு காற்றைத் தள்ள முடியாது. அந்த வழுக்கல் போய் வெறும் "டுக்" மட்டும் மிஞ்சும். பாஸ் இருப்பதுபோல் தோன்றுவது பெரும்பாலும் மேல் சுருதிகளை வைத்து மூளை ஊகித்துக்கொள்வதுதான்.

அடுத்து தவிலும் நாதஸ்வரமும். வால்யூமை 30, 60, 100 சதவீதம் என்று மூன்று நிலையில் வைத்து அதே 20 விநாடியைத் திரும்பத் திரும்பக் கேளுங்கள். முழு வால்யூமில் தவிலில் ஓங்கி ஒரு அடி விழும்போதெல்லாம் நாதஸ்வரம் சட்டென்று அமுங்கி, அரை விநாடியில் மறுபடி மேலே வருகிறதா? ட்ரைவர் கிழியாமல் இருக்க உள்ளே உள்ள லிமிட்டர் ஒட்டுமொத்த ஒலியையும் அழுத்துகிறது என்று பொருள். எந்த சதவீதத்தில் இது தொடங்குகிறது என்று எழுதுங்கள். அதுவே அந்த ஸ்பீக்கரின் உண்மையான வால்யூம் எல்லை. என் பார்வையில் ரிவ்யூ முழுவதிலும் இதைவிடப் பயனுள்ள எண் இல்லை.

செய்தி வாசிப்பில் ச, ஸ ஒலிகள் காதைக் குத்துகின்றனவா என்று பாருங்கள். தம்புராவில் ஒலி மாறாமல் நீள வேண்டும். பின்னணியில் உஸ்ஸென்ற சத்தம் இருந்தால் இங்கே தெரிந்துவிடும்.

கடைசியாக 20 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் ஒலியை (ஸ்வீப்) அரை வால்யூமில் ஓட்டுங்கள். முழு வால்யூமில் வேண்டாம், ட்ரைவர் கெட்டுப்போகலாம். எங்காவது "கிர்ர்" என்றால் கிரில், சார்ஜிங் மூடி, அடிப்பாகம் என்று ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் எது நிற்கிறதோ அதுதான் லூஸ்.

படி 5: ப்ளூடூத்

எந்த கோடெக்கில் (ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை) இணைந்திருக்கிறது என்பதை டெவலப்பர் ஆப்ஷன்ஸில் பார்த்து எழுதுங்கள். எல்டேக் என்ற கோடெக் என்றால் 330, 660, 990 கேபிபிஎஸ் என மூன்று நிலை உண்டு. பெட்டியில் 990 இருந்தாலும் நெரிசலான இடத்தில் தானாகக் கீழே இறங்கும்.

தாமதத்தை அளக்க வீடியோ பிளேயர் உதவாது. பல ஆப்கள் தாமதத்தைக் கணக்கிட்டுப் படத்தையே நிறுத்தி ஓட்டும். பியானோ ஆப் ஒன்றைத் திறந்து, விரல் தொடுவதையும் ஒலி வருவதையும் இன்னொரு போனில் 60 ஃப்ரேம் வீடியோவாக எடுங்கள். ஒரு ஃப்ரேம் 16.7 மில்லிசெகண்ட். முதலில் போனின் சொந்த ஸ்பீக்கரில் எத்தனை ஃப்ரேம் என்று எண்ணி, ப்ளூடூத்தில் வரும் எண்ணிக்கையிலிருந்து கழியுங்கள்.

இயர்பட்ஸ் என்றால்

பாஸ் இல்லை என்று எழுதும் முன் எல்லா அளவு சிலிக்கான் டிப்பையும் மாற்றிப் பாருங்கள். காதில் இடைவெளி இருந்தால் பாஸ் முழுக்க வெளியே போய்விடும், ஏஎன்சியும் (வெளி இரைச்சலைக் குறைக்கும் வசதி) வேலை செய்யாது.

ஏஎன்சி சோதனைக்கு மெட்ரோ பர்ப்பிள் லைனில் ஹலசூருவில் (அல்சூர்) ஏறி மெஜஸ்டிக் வரை போங்கள். எம்.ஜி. ரோடு வரை மேம்பாலம், அதன் பிறகு கப்பன் பார்க் முதல் சுரங்கம். ஒரே பயணத்தில் இரண்டு வகை இரைச்சல். பாட்டு போடாமல், ஒவ்வொரு பகுதியிலும் ஏஎன்சியைப் போட்டும் அணைத்தும் கேளுங்கள். சுரங்கத்தின் ஒரே சீரான கீழ் இரைச்சல் நன்கு குறைய வேண்டும். கன்னட அறிவிப்புக் குரல் ஓரளவு கேட்கத்தான் செய்யும், ஏஎன்சிக்கு மாறிக்கொண்டே இருக்கும் குரலைப் பிடிப்பது கடினம். அதைக் குறையாக எழுத வேண்டாம்.

மைக்கை வாய்ஸ் ரெக்கார்டரில் மட்டும் சோதிக்காமல், உண்மையான போன் காலில் சாலையோரம் நின்று பேசி, எதிர்முனையில் இருப்பவரைக் கேளுங்கள். கால் வந்ததும் ப்ளூடூத் வேறு முறைக்கு மாறி, பெரும்பாலும் 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ் தரத்துக்கு இறங்கிவிடும்.

தண்ணீர் விஷயத்தில் ஐபிஎக்ஸ்4 என்றால் தெறிப்பு மட்டும் தாங்கும். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் நல்ல தண்ணீரில் 30 நிமிடம். சோப்பு நீரும் குழாயின் வேகமான பீச்சலும் அதில் சேராது.

எழுதும்போது

கருவியைக் கம்பெனி இலவசமாகக் கொடுத்திருந்தால் முதல் வரியிலேயே, தமிழிலேயே சொல்லுங்கள். 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட வழிகாட்டி, விளம்பரம் எந்த மொழியில் இருக்கிறதோ அறிவிப்பும் அதே மொழியில் இருக்க வேண்டும் என்கிறது. தவறான விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பரிந்துரைப்பவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. மறுபடி செய்தால் 50 லட்சம் வரை.

வாங்கிய விலை, தேதி, ஃபர்ம்வேர் (கருவிக்குள் இருக்கும் மென்பொருள்) எண், ஒப்பிட்ட ஸ்பீக்கரின் பெயர் ஆகியவற்றைத் தலைப்புக்குக் கீழே போடுங்கள். ஃபர்ம்வேர் அப்டேட் வந்து ஒலி மாறினால், பழைய பத்தியை அழிக்காமல் தேதி போட்டுக் கீழே சேருங்கள்.