களைக்குப் பழைய அட்டைப்பெட்டி போதும்

பூங்காவில் நாட்டு மரக்கன்று நடப்போகும் இடத்தில் களையைக் கொத்தாதீர்கள். தரையோடு வெட்டிவிட்டு, பழைய அட்டைப்பெட்டியை விரித்து நன்றாக நனைத்து, மேலே நாலு விரல் உயரத்துக்குச் சருகைக் கொட்டுங்கள். வெளிச்சம் கிடைக்காமல் களை வெளுத்துச் சாகும். மண்ணைக் கிளறாததால் உள்ளே உறங்கும் களை விதைகளும் மேலே வராது. அட்டைகள் ஒரு சாண் அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கட்டும், இடுக்கு கிடைத்தால் களை அங்கேதான் தலைநீட்டும். பிளாஸ்டிக் டேப்பை முதலிலேயே உரித்துவிடுங்கள் (எரிச்சலான வேலைதான், ஆனால் அது மக்காது). கன்றின் தண்டைச் சுற்றி ஒரு கையகலம் விடுங்கள்.

கோரைக்கு இது பலிக்காது. கிழங்கிலிருந்து கிளம்பும் கூர்முளை அட்டையைக் குத்திக்கொண்டு வந்துவிடும். நாட்டுப் புல்லும் பூச்செடியும் தானாக முளைக்கிற இடத்திலும் வேண்டாம், அவையும் சேர்ந்தே செத்துப்போகும்.