எதிராளியும் கதாசிரியரே: ஆர்.பி. மோதல்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜிடிஏ ஃபைவ் ஆட்டத்தின் ஆர்.பி. (ரோல்பிளே, அதாவது ஒரு பாத்திரமாகவே பேசி நடித்து ஆடும்) சர்வர் ஒன்றில், நகைக்கடையைக் கொள்ளையடிக்க நால்வர் அடங்கிய கும்பல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே பணயமாகச் சிக்கியவர் ஒருவர். வெளியே காவலர் ஐவர். மூன்று தரப்பிலும் இருப்பவர்கள் ஆட்டக்காரர்களே. யாருக்கும் வசனம் எழுதித் தரப்படவில்லை. அடுத்த அரைமணி நேரத்தில் பேரமும் ஏமாற்றும் துரத்தலும் நிறைந்த கதை ஒன்று அங்கே உருவாகலாம். அல்லது ஒரு நிமிடத் துப்பாக்கிச் சூட்டோடு எல்லாம் முடிந்து, மீதிப் பொழுது டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் புகார் எழுதுவதிலேயே கழியலாம். எதிரில் நிற்பவரை வீழ்த்த வேண்டியவராக மட்டுமே பார்த்து, அவரும் இக்கதையில் பாதியை எழுதுகிறவர் என்பதை மறந்துவிடுவதிலிருந்தே பின்வரும் தவறுகள் முளைக்கின்றன.

இவற்றுள் மிக மோசமானது, நம் பாத்திரத்தின் செயலோடு நிற்காமல், அதனால் அடுத்தவர் பாத்திரத்துக்கு என்ன ஆயிற்று என்பதையும் நாமே எழுதிவிடுவது. ஆர்.பி. வட்டாரத்தில் இதைப் பவர் கேமிங் என்பார்கள். 'மணிக்கட்டை முறுக்கித் துப்பாக்கியைப் பிடுங்கிவிட்டான்' என்று எழுதினால் எதிராளிக்குச் செய்ய எதுவும் மிச்சமில்லை. 'மணிக்கட்டை முறுக்கித் துப்பாக்கியைப் பிடுங்க முயல்கிறான்' என்று எழுதினால், திமிறுவதா, விட்டுக்கொடுப்பதா, வலியில் அலறிக் கூட்டத்தைக் கூட்டுவதா என்பதை அவர் தீர்மானிக்கலாம். 'முயல்கிறான்' என்ற ஒரே சொல் கதையின் மறுபாதியை உரியவரிடம் ஒப்படைத்துவிடுகிறது.

இந்த அத்துமீறல் எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு, லாம்ப்டாமூ என்ற எழுத்துவழி உலகில் 1993இல் நடந்தது சான்று. மிஸ்டர் பங்கிள் என்ற பெயரில் ஆடிய ஒருவர், பிறருடைய பாத்திரங்கள் தாமாகவே செய்வதுபோலத் திரையில் வரிகளைத் தோன்றச் செய்யும் சிறு நிரலைப் பயன்படுத்தி, அவர்களைப் பாலியல் வன்முறைக் காட்சிகளுக்குள் இழுத்தார். பாதிக்கப்பட்டவர்களுக்கு உடலில் கீறல்கூட விழவில்லை. ஆயினும் தாங்கள் எழுதாத வாக்கியத்தில் தங்கள் பாத்திரத்தின் பெயரைக் கண்ட வேதனை உண்மையானது. அந்த உலகின் நிர்வாகிகளில் ஒருவர் பங்கிளின் கணக்கை நீக்கினார்; அதன் பிறகு, ஆட்டக்காரர்களே மனு கொடுத்து வாக்களிக்கும் முறையும் அங்கே வந்தது.

அடுத்தது மெட்டா கேமிங்: ஆட்டக்காரருக்குத் தெரிந்ததைப் பாத்திரத்துக்கும் தெரிந்ததாக வைத்துக்கொள்வது. எதிர்க் கும்பலின் நேரலையை இன்னொரு திரையில் பார்த்துவிட்டு, அவர்களுடைய பதுங்கிடத்துக்குத் தற்செயலாக வந்தவர்போல நுழைபவர் ஒரு சண்டையை வெல்லலாம்; ஆனால் உளவாளியை அனுப்புவது, கைதியை விசாரிப்பது, கூட்டாளியே காட்டிக்கொடுப்பது என்று அந்த இடத்தில் வந்திருக்க வேண்டிய நான்கைந்து காட்சிகளை அவர் ஒரே நொடியில் அழித்துவிடுகிறார். பல சர்வர்களில், இறந்து மீண்ட பாத்திரம் தன் சாவுக்குக் காரணமான நிகழ்வை மறந்துவிட வேண்டும் என்று விதி இருப்பதும் இதனால்தான். நினைவிருப்பதை மறந்ததுபோல ஆடுவது எளிதன்று. நடிப்பில் உண்மையாகவே சிரமமான பகுதி இதுதான் என்பேன்.

காரணமில்லாமல் கொல்வதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1997இல் வெளிவந்த அல்டிமா ஆன்லைன் என்ற இணைய ஆட்டத்தில், ஊர் எல்லையைத் தாண்டிய புதியவர்களைக் காத்திருந்து கொல்வது வாடிக்கையாகவே இருந்தது. 2000ஆம் ஆண்டில் ஆட்டத்தை நடத்திய நிறுவனம் அந்த உலகத்தையே இரட்டிப்பாக்கி, விரும்பாதவரைத் தாக்க முடியாத டிராமெல், பழைய ஆபத்துகள் தொடரும் ஃபெலுக்கா எனப் பிரித்தபோது, மக்கள் திரளாக டிராமெலுக்குக் குடிபெயர்ந்தனர். மோதலுக்கு முன்கதை வேண்டும். ஆநிரை கவர்வோர் சூட வெட்சியும் மீட்போர் சூடக் கரந்தையும் வைத்த நம் புறத்திணை மரபில், கவர்வதும் மீட்பதும் ஒன்றுக்கொன்று விடையாக அமைந்தவை; மறுபக்கத்துக்கு விடையே இல்லாத தாக்குதலில் கதைக்கு வழியில்லை.

விதி அனுமதிக்கிறது என்பதையே போதுமான நியாயமாகக் கொள்வது இன்னொரு பிழை. 2006இல், உண்மை வாழ்க்கையில் இறந்துபோன தங்கள் தோழிக்கு அஞ்சலி செலுத்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆட்டக்காரர் சிலர் ஆட்டத்துக்குள்ளேயே ஓர் ஏரிக்கரையில் கூடினர். எதிரணிக் குழு ஒன்று புகுந்து அனைவரையும் வெட்டிச் சாய்த்து, அதைக் காணொளியாகவும் வெளியிட்டது. சண்டைக்கென்றே ஒதுக்கிய சர்வர்தானே என்ற வாதத்தில் பிழை காண்பது கடினம். ஆனால் அங்கே கூடியவர்கள் பாத்திரங்களாக நிற்கவில்லை, துக்கம் கேட்க வந்த மனிதர்களாக நின்றார்கள். எதிரில் இருப்பது பாத்திரமா மனிதரா என்று ஐயம் வந்தால், ஆட்டத்தை ஒரு நொடி நிறுத்தித் தனிச்செய்தியில் கேட்டுவிடுவதில் எந்தக் கௌரவக் குறைவும் இல்லை.

தமிழிலேயே பேசி ஆடும் சர்வர்களில் இந்தக் கோடு இன்னும் மெலிதானது. அயல்மொழியில் ஒரு ரவுடி பேசும் வசைச்சொல் வசனமாகவே கேட்கும். அதே ரவுடி தாயை இழுத்தோ சாதியைச் சுட்டியோ தமிழில் பேசினால், பாத்திரத்தைத் தாண்டி ஆளையே தைத்துவிடும். எந்தச் சொற்கள், எந்த வகைக் காட்சிகள் வேண்டாம் என்பதைப் பகைமையைத் தொடங்கும் முன்பே இரு தரப்பும் பேசி வைத்துக்கொள்ளாதது, நான் பார்த்தவரையில் பெரும்பாலான சச்சரவுகளின் வேர்.

கடைசியாக, தோல்வியை அழிக்கச் சொல்வது. காட்சி முடிந்ததும் நிர்வாகியிடம் ஓடி, ஏதேனும் ஒரு விதிமீறலைத் தேடிப்பிடித்து, நடந்ததை 'வாய்ட்' செய்ய, அதாவது நடக்காததாக அறிவிக்கக் கேட்கும் பழக்கம் பரவலாக உண்டு. உண்மையான மோசடி நடந்திருந்தால் அது நியாயமே. கொள்ளையடித்த பணம் பறிபோனதற்காகக் கேட்டால், எதிராளி எழுதிய அத்தியாயத்தைக் கிழித்தெறியச் சொல்வதாகும். ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி ஆட்டத்தில் 2014 ஜனவரி 27 அன்று, பி-ஆர்5ஆர்பி என்ற விண்மீன் மண்டலத்துக்கான உரிமைக் கட்டணம் உரிய நேரத்தில் செலுத்தப்படாமல் போயிற்று. அந்தச் சின்னப் பிசகைப் பிடித்துக்கொண்டு எதிர்க் கூட்டணி பாய, ஏறத்தாழ 21 மணி நேரம் நீடித்த போரில் 7,500க்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். டைட்டன் எனப்படும் மாபெரும் கப்பல்கள் 75 அழிந்தன, அவற்றுள் 59 தோற்ற தரப்புக்குரியவை. அழிந்தவற்றின் மதிப்பு மூன்று லட்சம் அமெரிக்க டாலருக்கு மேல் என்று கணக்கிடப்பட்டது. கட்டணம் தவறியதற்காக யாரும் போரை ரத்து செய்யவில்லை, போன கப்பல்களை யாருக்கும் திருப்பித் தரவுமில்லை. ஆட்டத்தை நடத்தும் சிசிபி நிறுவனம் அந்த மண்டலத்தில் உடைந்த டைட்டன்களின் எலும்புக்கூடுகளை நினைவுச்சின்னமாக நிரந்தரமாக நிறுத்திவைத்தது. வென்றவர்களின் கப்பல்களும் தோற்றவர்களின் கப்பல்களும் அங்கே கலந்தே மிதக்கின்றன.